நிகர எடை

ஈப்போ கிளினிக்கின் தராசில்
பதினெட்டு கிலோ.
போன வருஷம் இருபத்து நான்கு.

எடை பார்ப்பதுதான் என் வேலை.
சிலிம் ரிவரில், செம்பனை ஆலை வாசலில்,
லாரி ஏறி நிற்க ஓர் இரும்புப் பாலம்,
பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான்.
குலையோடு வரும் லாரி மொத்தம்.
இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி வெறும்.
கழித்தால் நிகரம்.
இருபத்தோரு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்:
இந்தப் பதினெட்டில் கட்டி எவ்வளவு, நாய் எவ்வளவு?
டாக்டர் ஹெங் பேனாவை மூடினார்.
மண்ணீரலில் என்றார்.
இந்த வயதில் வெட்டி எடுத்தாலும் என்றார்.
வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவர் சொன்ன சொல் கேன்சர்.
எனக்குள் அது தமிழில் விழுந்தது: புற்று.
ஆலைக்குப் பின்னால் முனியாண்டி கோயிலை ஒட்டி
மஞ்சள் துணி சுற்றிய புற்று ஒன்று இருக்கிறது.
வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் வைப்பார்கள்.
முட்டையைத் தின்றுவிட்டு
மூக்கெல்லாம் செம்மண்ணாக வருவான்.
பூசாரி வீரப்பெருமாள் கல்லோடு பின்னால் வருவார்.
நெடுஞ்சாலையில் பீடோர் தாண்டும்வரை
அந்த முட்டைகளுக்காகவா என்று யோசித்தேன்.
பிறகு வெட்கமாக இருந்தது.
பின் சீட்டில் அவன்
கண்ணாடியில் மூக்கை ஒட்டி
மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பெயர் சில்லறை.
ஐந்து குட்டிகளைக் கொடுத்துத் தீர்த்த பிறகு
லாரிக்காரர் ஒருவர் கையில் மிஞ்சியது.
பன்னிரண்டு வருஷமாகிறது.

மகன் ஜொகூரிலிருந்து கூப்பிட்டான்.
தூங்க வச்சிடலாம்மா, வலிக்காது.
உன்னையும்தான் தூங்க வைத்தேன், இளம்பரிதி,
நீ காலையில் எழுந்து மைலோ கேட்டாயே
என்று வாய்வரை வந்தது.
பார்க்கலாம் என்றேன்.
முந்நூறு வெள்ளி அனுப்பியிருந்தான்.
நல்ல பிள்ளை.

மாத்திரை நாளைக்கு இரண்டு.
வாழைப்பழத்தில் வைத்தால்
பழம் உள்ளே போகும், மாத்திரை தரையில் கிடக்கும்.
ரொட்டி சானாயில் சுருட்டி
மீன்கறியில் முக்கினால் ஏமாறுகிறான்.
ஏமாறுவதுபோல் நடிக்கிறானோ என்னவோ.
பசியாறிட்டியாடா என்று கேட்கிறேன்.
வீட்டில் அதைக் கேட்க
வேறு ஆள் இல்லை என்பது வேறு கதை.

லாரிக்கார அஸ்மான் அவனைத் தொடமாட்டார்.
முன்பெல்லாம் பாலத்து நடுவில் அவன் படுத்துக்கிடந்தால்
ஹாரன் அடித்தே எழுப்புவார்.
திங்கட்கிழமை கண்ணாடியை இறக்கி,
சாக்கிட் கா? என்றார்.
ஆமாம் என்றேன்.
இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.
அவருக்குப் பின்னால் ஏழு லாரி.

நேற்றிரவு கடைசி வண்டி போனதும்
அவனைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினேன்.
வெளித்திரையில் சிவப்பாக: எண்பது.
அவனைக் கூண்டுக்குள் விட்டுவிட்டு
தனியாக ஏறினேன்: அறுபது.
நிகரம் இருபது.

தெரியும்.
பாலத்துக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
காசு குறைகிறதென்று சண்டைக்கு வருகிறவர்களிடம்
நானே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.
இருந்தும் சீட்டை அச்சடித்தேன்.
வண்டி எண், கோடு.
சரக்கு என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் விரலை நிறுத்தி,
சில்லறை.

சீட்டை முகர்ந்து பார்த்தான். பிடிக்கவில்லை.
மெதுவாக வெளியே போய்
பாலத்து நடுவில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தான்.
பகல் வெயில் இரும்பில் இன்னும் இருந்திருக்கும்.

திரையில் மறுபடி இருபது.
பத்துக்குக் கீழே போகிறவரை
அது அப்படியேதான் சொல்லும்.
கூண்டு விளக்கை மட்டும் அணைத்தேன்.