71946

எஃப்.சி.க்குப் போன வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
பிரேக் பிடிக்கிறது, ஹாரன் அடிக்கிறது,
முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்குதேம்மா,
அதை எழுப்பிக் கூட்டியாங்க என்றார் இன்ஸ்பெக்டர்.

நான்கு வருஷம் முள் இல்லாமல்தான் ஓட்டினேன்.
நாற்பதைத் தொட்டால் பின்கதவுச் சங்கிலி பேச ஆரம்பிக்கும்,
ஐம்பதில் கியர் தண்டு முழங்காலைத் தட்டும்,
அறுபது இந்த வண்டிக்குக் கிடையாது,
எழுமலை இறக்கத்தில் தவிர.

எண்பத்தாறாம் வருஷத்துப் பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும்.
ஓடை மணலில் சின்ன லிவரை மாற்றிப் போட்டால்
புளி மூட்டைகளோடு உறுமிக்கொண்டு கரையேறிவிடும்.
பாதி எங்களுக்கு, பாதி தவசியின் அண்ணன் காசிமாயனுக்கு.
மாசக் கடைசியில் நோட்டு எடுப்போம்:
இந்த மாச எண்ணில் போன மாச எண் கழித்து
யார் ஓட்டியது எவ்வளவோ அவர் கணக்கில் அவ்வளவு.
71946இல் நின்றுபோன அன்று
கேபிள் அத்துப்போச்சு என்றான் தவசி.
விடப்பா, ஆளுக்குப் பாதியாப் போட்டுக்குவோம்,
அண்ணன் தம்பிக்குள்ள என்ன என்றார் காசிமாயன்.
அந்த வருஷம் புளி நடை நூற்றுக்கும் மேல்.
ஓட்டியது நான்.

சாக்கை விரித்து மல்லாந்து அடியில் நுழைந்தேன்.
டிரான்ஸ்ஃபர் பெட்டியின் முதுகில்
மண்ணும் கிரீசும் அப்பிய இடத்தில் அந்த நட்டு.
டீசல் தொட்டுத் துடைத்து, ஸ்பானரைத் தேடுமுன்
விரலுக்கே கழன்று வந்தது.
முப்பது வருஷம் தொடாத நட்டு அப்படி வராது.

உறையிலிருந்து உள்கம்பியை உருவினேன்.
தேய்ந்து அறுந்திருந்தால்
நுனி விளக்குமாறாய் விரிந்திருக்கும்.
விரியவில்லை.
இரண்டு பக்கமும் நசுங்கி, நடுவில் கூராய்,
கட்டிங் பிளேயர் கடித்த தடம்.
மிச்சம் அரைவிரல் நீளம், சதுர முனையோடு,
பல்சக்கர ஓட்டைக்குள்ளேயே இருந்தது.

தவசியின் செருப்புகள் பம்பர் பக்கம் நின்றன.
என்னா, அத்திருக்கா?
ம்.
நீளமூக்குக் குறடு கேட்டேன். செருப்புகள் போய் வந்தன.
குனியவில்லை. கையை மட்டும் இறக்கிக் கொடுத்தான்.

பழைய கேபிளைச் சுருட்டி மடியில் வைத்து மதுரை பஸ் ஏறினேன்.
பக்கத்துக் குழந்தை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
செக்கானூரணி வரை விடவேயில்லை.
வடக்கு வெளி வீதியில் நாலு கடையில் இல்லை.
ஐந்தாவதில் தாவூது பாய்
புதுசையும் பழசையும் கல்லா மேல் பக்கம் பக்கமாய் நீட்டினார்.
ஒரு சாண் கூட வரும். வளைச்சு விடுங்க, ஒடிச்சு மடிக்காதீங்க,
மடிச்சா முள்ளு ஆடும்.
பழசின் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
விலை சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

டாஷ்போர்டுக்குப் பின்னால் கண் போகாது.
கன்னத்தை ஸ்டீயரிங்கில் அழுத்திக்கொண்டு
விரலால் தேடி, சதுரத்துக்குச் சதுரம் பொருத்தி,
மரை ஏறுகிறதா என்று மூச்சைப் பிடித்துத் திருகி,
இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் ஏறியது.

தவசி பக்கத்தில் உட்கார்ந்து வந்தான்.
முள் உதறி எழுந்து இருபதில் நின்றது, முப்பதில் நின்றது.
ஆறு தயங்கித் தயங்கி மேலே உருண்டு
ஏழின் தலை தெரிந்தது.

ரோட்டுக் கற்களை எண்ணிக்கொண்டு ஓட்டினேன்.
பத்துக் கல் தாண்டியும் 71955தான்.

டயர் பெரிசு மாட்டினோம்ல, கம்மியாத்தான் காட்டும்
என்றான், அத்தனை நேரம் பேசாதவன்.
எவ்வளவு கம்மி?
அவன் வெளியே கடலைக்காட்டைப் பார்த்தான்.

காசிமாயன் வீட்டுப் பாதை பிரியுமிடத்தில்
இண்டிகேட்டர் போட்டேன்.
ஏன் இந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை.
சேலைக்கு மேல் நான் மாட்டியிருந்தது அவனுடைய பழைய சட்டை.
அதன் பையில்
அரைவிரல் நீளக் கம்பி
ஒவ்வொரு பள்ளத்துக்கும் குத்திக்கொண்டு வந்தது.