துளையின் எடை

பகலில் எனக்கு நாற்பது கிலோ சிப்பம்.
சாக்குக்கு ஐநூற்று எண்பது கிராம் தனி.
ஈரம் பதினேழு தாண்டினால்
முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.
வெண்ணாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
என் முகத்துக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று
ஒரு விலை உண்டு.

ராத்திரி வேறு தராசு.
மூச்சு பட்டாலே நடுங்கும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க,
ஒவ்வொரு டாலராக வைப்பேன்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலு,
கழுகுக்குக் கீழே இரட்டை சி.
இருபத்தாறு புள்ளி ஏழு மூன்று. சரி.
விரல் நுனியில் நிறுத்திச் சுண்டினால்
காலிச் சொம்பில் முதல் பால் பீச்சுகிற சத்தம்.

யுத்த காலத்தில்
கோடி கோடியாய் இவற்றை உருக்கிக்
கப்பலேற்றினார்களாம் நம் பக்கம்,
ராஜா தலை போட்ட ரூபாய் அடிக்க.
உருகாமல் தப்பியதற்குத்தான் இப்போது விலை.

தை கடைசி. சம்பா மலையாய்க் குவிந்த வாரம்.
கூத்தாநல்லூர் ஜுலைகா பீவி
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.
பினாங்கிலிருந்து வந்த வர்த்தக டாலர்.
சீனக் கடைக்காரர்கள் அடித்த குத்து முத்திரை ஏழு.
விளிம்போரம் ஒரு துளை:
யார் பிள்ளை அரைஞாணிலோ ஆடியிருக்கிறது.

"ஓட்டை போட்டதுக்கு மதிப்பில்லைங்க" என்றேன்,
ஈர நெல்லுக்குச் சொல்லும் அதே குரலில்.

"ஓட்டை என்ன எடை தம்பி?"

வைத்துப் பார்த்தேன்.
இருபத்தேழு புள்ளி இரண்டு இரண்டு இருக்க வேண்டியது
இருபத்தேழு புள்ளி பூஜ்யம் நாலு.

"அம்புட்டுதானா" என்று சிரித்தார்.
"எம்மவன் நெல்லு ஒம்பது நாளா
ஒங்க களத்துல பனியில கெடக்கு.
முந்நூறு மூட்டை.
அதுல எம்புட்டுக் கொறையும்னு
இதுலயே போட்டுச் சொல்லுங்க.
காசு விக்க வரல. வச்சுக்குங்க."

மறுநாள் அந்த நெல்லுக்கு நான் ஈரம் பார்க்கவில்லை.

டாலர் தனி உறையில் இருக்கிறது.
பட்டியலில் ஏற்றவில்லை.
ஊர் அடங்கியதும் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறேன்.
மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி.
முதுகுக்குப் பின்னால் கதிர்க்கட்டு,
எதிரே தண்ணீர்.
கையை நீட்டியிருக்கிறாள்,
ஆலிவ் கிளை கொடுக்கிறாள் என்கிறது விலைப்புத்தகம்.
ஏழில் ஒரு முத்திரை சரியாக அங்கே விழுந்து
கிளை நசுங்கிப் போயிற்று.

கை மட்டும் இருக்கிறது.