கீழ்த்தட்டு

திருப்பூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எங்கள் பேக்கரி பிரிட்ஜில்
மேல்தட்டு பாலுக்கு.
நடுத்தட்டில் க்ரீம் பன், வெண்ணெய், நேற்று மிஞ்சிய கேக்.
கீழ்த்தட்டில் ஒரு ஜாம் டப்பா.
மூடியில் பிளாஸ்திரி ஒட்டி
மார்க்கரில் எழுதியிருக்கிறேன்:
விற்பனைக்கு அல்ல.

உள்ளே பழனாத்தாளின் இன்சுலின்.

பனியன் கம்பெனியில் பதினாறு வருசம்
பிசிறு வெட்டியவள்.
இப்போது பாலத்தின் ஏழாம் தூணடியில்
ஒரு சாக்கு, ஒரு குடம்,
அவளுடையதென்று சொல்ல முடியாத ஒரு நாய்.

பெருவிரல் கறுத்தபோது
நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு
நான்தான் கூடப் போனேன்.
சீட்டுப் போடும் பெண் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பாமல் கேட்டாள்:
'விலாசம்?'
'பாலத்துக்குக் கீழீங்க.'
'அது ஏறாதுங்க. டோர் நம்பர் வேணும்.'
பழனாத்தாள் யோசித்தாள்.
'ஏழுன்னு போட்டுக்கோ சாமி.'
ஏறிவிட்டது.

அடுத்த ஜன்னலில்,
'கூட ஆளு யாருங்க?'
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அப்புறம் சொன்னேன்,
அக்கா மகன் என்று.

டாக்டர் நல்லவர்தான்.
மருந்து பிரிட்ஜில் இருக்கணும் என்றார்.
வேளாவேளைக்குச் சாப்பிடணும்,
கால் நனையவே கூடாது என்றார்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
வெளியே வேப்பமரத்தடியில் என்னைக் கேட்டாள்:
'அந்தப் பொட்டிய வாங்கினாலும்
வயர எந்தத் தூணுல சொருகறது கண்ணு?'
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

'திங்கற பண்டத்தோட மருந்தா?
இன்ஸ்பெக்டரு வந்தா ஆரு பதில் சொல்றது?'
என்றார் முதலாளி பொன்னுச்சாமி.
மறுநாள்
ஜாம் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்ததும் அவர்தான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

காலை ஆறரை, சாயங்காலம் ஆறரை.
மைதா மூட்டைகளுக்குப் பின்னால் நின்று
வயிற்றில் குத்திக்கொள்வாள்.
சர்க்கரை போடாத டீயோடு
க்ரீம் பன்னைப் பார்ப்பாள்.
நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

செவ்வாய் ராத்திரி நர்ஸ் ஜெசிந்தா வருவாள்,
ஸ்கூட்டியில் பஞ்சும் துணியும் கட்டிக்கொண்டு.
தூண் தூணாய் நிறுத்தி
ஹெட்லைட் வெளிச்சத்தில் கட்டுப் பிரிப்பாள்.
டியூட்டி கணக்கில் வராத நேரம்.
'கால் புண்ணுக்கு வைத்தியம் வேணும்னா
அந்தக் கால்லயே நடந்து வரணுமாமா?'
யாரைத் திட்டுகிறாளென்று தெரியாது,
திட்டிக்கொண்டே சீழைத் துடைப்பாள்.
விரல் நோகாது.

ஐப்பசியில் ஒருநாள்
நொய்யல் நிறம் மாறி ஓடியது.
மத்தியானம் போன கரண்ட் வரவில்லை.
புட்டியைப் பிளாஸ்டிக் டம்ளரில் அடைத்து
பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன்.
ஆறரை ஆயிற்று. ஏழரை.
மழையைத் திட்டியபடி பொன்னுச்சாமி
தன் குடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஏழாம் தூணில் முழங்கால் தண்ணீர்.
சாக்கு இல்லை.
நாய் மட்டும் நடுச்சுவர்மேல் நின்று குரைத்தது,
என்னைப் பார்த்தல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

பூட்டிய நகைக்கடைப் படியில் இருந்தாள்.
உடம்பெல்லாம் ஈரம், உதடு நீலம்.
குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்து
எங்கள் கடைப் பையைச் சுற்றி
சணலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.
'நனைய உடலீங்க,'
என்றாள், என்னிடம்,
நானே டாக்டர் என்பது போல.

விரல் ஒன்று போனது. கால் இருக்கிறது.

போன வாரம் அவள்
இன்னொருவனைக் கூட்டிவந்தாள்,
பதினோராம் தூண் செங்கோடன், பேசமாட்டான்.
அதற்கு முன்பே ஒரு பூக்காரி.
இப்போது டப்பாவில் மூன்று பெயர்.
மூடி சரியாக உட்காருவதில்லை.
பொன்னுச்சாமி இன்று காலை
கீழ்த்தட்டின் உயரத்தைச் சாணால் அளந்துவிட்டு
'அந்த வெண்ணெய மேல ஏத்துடா'
என்றார்.