சராசரி

என் மேசையில் ஒரு லீக் கிடக்கிறது,
காபிக் கறையோடு.
நான் நிபியா டெச்சேரா. மொண்டெவிடியோ, மூன்றாம் மாடி.
பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை.
வகுத்திருக்கிறேன்.

சுவரில் சாம்பியன்களின் வரிசை தொங்குகிறது.
ரயில் போட வந்த இங்கிலீஷ்காரர்கள் இறக்கிவிட்ட பந்து;
இறைச்சி ஆலையில் ஷிப்ட் முடித்து
நகக்கண்ணில் ரத்தத்தோடு ஆடியவர்கள்;
முப்பத்திரண்டில் சம்பளம்.
பிறகு நாற்பத்து நான்கு ஆண்டுகள்
இரண்டே பெயர்கள்,
ஒரே வீட்டின் இரண்டு சாவிகள் போல.
எழுபத்தாறில், பட்டாளம் ஆண்டபோது,
மூன்றாவதாக ஓர் அணி கோப்பையைத் தூக்கி
மைதானத்தை எதிர்த்திசையில் சுற்றிவந்தது.
அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்தவர் யாரோ
விரலை அழுத்திக் குத்தியிருக்கிறார்.
காகிதத்தின் பின்பக்கம் தடவினால் தெரியும்.

என் வேலை மேலே இல்லை,
அட்டவணையின் அடியில்.

இங்கே இந்த ஆண்டு மட்டும் போதாது.
போன ஆண்டையும் சேர்த்துக் கூட்டி
ஆடிய ஆட்டங்களால் வகுக்க வேண்டும்.
முன்வினை என்று யாராவது சொன்னால் தலையாட்டுவேன்;
விதிப்புத்தகத்தில் அதன் பெயர் சராசரி.

லாஸ் ரெட்டாமாஸ்:
போன ஆண்டு நாற்பத்தொன்று, இந்த ஆண்டு இருபத்து நான்கு.
அறுபது ஆட்டங்கள்.
ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு மூன்று.

எல் ஃபரோல்:
இந்த ஆண்டுதான் மேலே வந்தவர்கள்,
அவர்களுக்குப் போன ஆண்டு கிடையாது.
முப்பது ஆட்டம், முப்பத்திரண்டு புள்ளி.
ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு ஏழு.

எட்டுப் புள்ளி அதிகம் எடுத்தவர்கள் இறங்கினார்கள்.

அவர்கள் ஊருக்குப் பெயரே முப்பத்து மூன்று.
ஆற்றைக் கடந்து வந்த முப்பத்து மூன்று பேரின் நினைவாக.
கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும்.
தொண்ணூற்றொன்றாம் நிமிடம் வரை
ஊரின் பெயர் அவர்கள் கையில் இருந்தது.

மூன்று முறை வகுத்தேன்.
நான்காம் முறை, ஏன் என்று தெரியவில்லை, கழித்தேன்:
போன ஆகஸ்ட், மழை, பார்க்க வந்தவர்கள் அறுநூறு பேர்,
ரெட்டாமாஸ் ஒன்று, எதிரணி சுழியம்.
ஏபெர் பிரியோசோவின் முழங்காலில் பட்டு உள்ளே போன பந்து.
சேற்றில் குப்புற விழுந்து கிடந்தான்,
கோல் என்று அடுத்தவன் சொல்லித்தான் தெரியும்.
அதை எடுத்துவிட்டால்
மூன்று புள்ளி ஒன்றாகும்,
அறுபத்தைந்து அறுபத்து மூன்றாகும்,
ரெட்டாமாஸ் இறங்கும்.

ஏபெர் பிப்ரவரியில் போய்விட்டான்.
சீசன் தொடங்க ஒன்பது நாள்,
கடற்கரைச் சாலை, மோட்டார் சைக்கிள்.

எல் ஃபரோலின் செயலாளர் போன் செய்தார்.
பின்னால் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.
"இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், சென்யோரா."
போட்டேன்.
"நாங்கள் யாரிடம்தான் தோற்றோம்?"
நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
"அந்தப் பையனா," என்றார்.
"அவன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன்."
வைத்துவிட்டார்.
முந்நூறு கிலோமீட்டர் இருட்டு அவர்களுக்கு.

ஜன்னலுக்கு வெளியே
ரெட்டாமாஸ்காரர்கள் பறை கொட்டிப் போகிறார்கள்,
இருபத்து நான்கு புள்ளிக்கு இவ்வளவு வாணவேடிக்கை.
ஏபெரின் பெயரை யாரும் கத்தவில்லை.
கணக்கு தெரிந்தவர்கள் தெருவில் குறைவு.

நாளை புது அட்டவணை கட்டவேண்டும்.
போன ஆண்டுப் பத்தி உதிரும்,
இந்த ஆண்டு அந்த இடத்துக்கு நகரும்.
அந்த முழங்கால் கோல்
இனி யாரையும் காப்பாற்றாது.

இன்று இரவு மட்டும்
பத்தியை அழிக்காமல்
விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.
படியில் பாதி இறங்கியபின் நினைவு வருகிறது:
காபிக் கோப்பையை
அதன் மேலேயே வைத்துவிட்டேன்.