தொடர்புடைய துறை அல்ல

பீல் நகரில் தெருப்பெயர் கூட
இரண்டு மொழியில்தான் தொங்கும்.
எனக்கு வந்த மறுப்பும் அப்படியே:
ஒரு பக்கம் ஜேர்மன், மறுபக்கம் பிரெஞ்சு.
இரண்டிலும் என் பட்டம் போதாது.
இரண்டின் அடியிலும்
நட்பான வணக்கங்கள்.

விவசாய விஞ்ஞானம், சிறப்புப் பாடம் மண்.
உப்பேறிய வயலில் எத்தனை மாரி கழிந்தால்
நெல் திரும்பி வரும் என்று
நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவள் நான்.
போதை ஆலோசகருக்கு இது
தொடர்புடைய துறை அல்லவாம்.
சரிதான்.
மண்ணும் மனிசரும் ஒன்றென்று
நேர்முகத்தில் சொல்லியிருக்கலாம்,
கேட்க அழகாய் இருந்திருக்கும்.
ஆனால் மண் ஒருநாளும்
"ரெண்டு பியர்தான் தங்கச்சி" என்று
பொய் சொன்னதில்லை.

வியாழன் பின்னேரம் நாலு மணி,
சூஸ் ஆற்றங்கரை, மூன்றாம் மாடி.
திருமதி இம்ஹோஃப் கேட்பார், நான் தமிழாக்குவேன்.
அற்புதராசா சொல்லுவார், நான் ஜேர்மனாக்குவேன்.
மணிக்கணக்கில் சம்பளம்.
மொழிபெயர்ப்பவள் தன் வாயால்
ஒன்றும் சேர்க்கக் கூடாது, ஒன்றும் குறைக்கக் கூடாது.
கையெழுத்து வைத்திருக்கிறேன்.

போன கிழமை அவர்
இம்ஹோஃபை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.
"விடியப்புறம் மூண்டு மணிக்குக்
கை நடுங்கேக்க என்ன செய்யிறது?
நீர் சொல்லும்."

எனக்குத் தெரியும்.
என் அண்ணன் வீட்டுக் குளியலறைக் கதவோரம்
அந்த மூன்று மணியில்
நாலு வருசம் குந்தியிருந்திருக்கிறேன்.
சீனித் தண்ணீர், ஒரு கம்பளி,
சுவரில் ஒட்டிய டாக்டரின் நம்பர்,
அணைக்காத ஒரு விளக்கு.
கதவுக்கு வெளியே இருந்து
பக்கத்து வீட்டு நாயைப் பற்றி ஏதாவது கதை.
நாலாம் வருசம் ஒரு விடியலில்
கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.
அதையும் எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை.

"நடுங்கும்போது என்ன செய்வது என்று கேட்கிறார்"
என்றேன் இம்ஹோஃபிடம்.
"நீர் சொல்லும்" என்ற இரண்டு சொல்லை
விழுங்கிவிட்டேன்.
பத்து வருசத்தில் நான் குறைத்தது அவ்வளவுதான்.

இம்ஹோஃப் நல்ல பதில்தான் சொன்னார்.
நான் அதைத் தமிழாக்கினேன், கவனமாக,
என் குரல் அதில் ஒட்டாதபடி.

புதிய விண்ணப்பம் பையில் கிடக்கிறது.
பூச்சியத்திலிருந்து மூன்று வருசம்.
செப்டம்பரில் எனக்கு நாற்பத்தாறு;
பக்கத்துக் கதிரையில்
இருபது வயதுப் பிள்ளை இருக்கும்.
"தொடர்புடைய முன்னனுபவம், மணித்தியாலங்களில்"
என்ற கட்டம் முத்திரையளவு.
அதை இன்னும் நிரப்பவில்லை.

கீழே பஸ் தரிப்பில் அவரும் நின்றார்.
ஆறாம் நம்பர் வர நாலு நிமிடம்.
வெளியில் கதைக்கக் கூடாது, அதுவும் விதி.
அனுமதி வேண்டுமென்றால்
அனுமதி இல்லாமல் வாய் திறக்கக் கூடாது.
மூன்று நிமிடம் நேரப்பலகையையே பார்த்தேன்.

பஸ் கதவு திறக்கையில் கேட்டேன்:
"அண்ணை, வாற வியாழன் வருவியள்தானே?"

அது வெறும் கேள்வி.
ஆலோசனையில் சேராது என்று நினைக்கிறேன்.