நடக்காதவற்றின் பதிவேடு

லிகுவாசான் சதுப்பின் மேற்குக் கரையில்
தகரக் கூரை, இரண்டு கைபேசிகள்,
ஒரு பதிவேடு.
'போர்நிறுத்தக் கண்காணிப்பு மகளிர் அணி' என்கிறது பலகை.
மகளிர் என்ற சொல் மட்டும்
பிறகு சேர்த்தது.
வண்ணம் கொஞ்சம் புதிது.

இரவு மூன்று மணிக்கு யாராவது அழைத்தால்
கைபேசியைச் சன்னலுக்கு வெளியே
நீட்டிப் பிடிக்கச் சொல்வேன்.
மூங்கில் கணு தீயில் வெடிப்பது ஒரு மாதிரி,
துப்பாக்கி வேறு மாதிரி.
கல்யாணத்துக்குச் சுடுகிறவன்
இடைவெளி விட்டுச் சுடுவான்.
கொல்ல வந்தவனுக்கு அந்த நிதானம் கிடையாது.
எந்தப் பயிலரங்கும் சொல்லித் தந்ததில்லை இதை.
பன்னிரண்டு வயதுக்குள்
ஏழுமுறை பாய் சுருட்டி ஓடியவளுக்குக்
காது தானாகப் படித்துக்கொள்ளும்.

போன ஆகஸ்டில் தாமகாவ் கரையில்
அந்தப் பக்கம் இருபது துப்பாக்கி,
இந்தப் பக்கம் பதினெட்டு.
மூன்றாம் ஷரத்து மீறப்பட்டது என்றார் மேஜர்.
மூன்றாம் ஷரத்துதான் என்றார் தளபதியும்,
எதிர்க்கரையிலிருந்து.
டெல்ஃபினா கேட்டாள்:
எருமை யாருடையது?

அதற்குப் பிறகுதான் வாய்க்குள்ளேயே
எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்.
ஓர் எருமை. ஒரு வேலி.
விடிவதற்குள் மேய்ந்து முடித்த சோளக் கொல்லை.
ஆகாயத்தாமரையைத் துடுப்பால் விலக்கி விலக்கி
நாங்கள் நாலுமுறை போய்வந்தோம்.
கொல்லைக்காரி ஐந்து மூட்டை கேட்டாள்.
எருமைக்காரனின் மனைவி
இரண்டில் நின்றாள்.
முப்பத்தெட்டுத் துப்பாக்கிகளும்
வெயிலில் காத்திருந்தன,
மூன்றரை மூட்டைக்கு.

மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
இறப்பு, காயம், இடப்பெயர்வு, எரிந்த வீடு:
எல்லாக் கட்டத்திலும் சுழி.
அன்று அலுவலகம் சும்மா இருந்தது என்று
தலைநகரில் படித்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மதிப்பீட்டாளர் வந்தார்.
அமைதிக் கூட்டங்களில் பெண்கள் எத்தனை விழுக்காடு?
காபி ஊற்றிய பெண்ணையும் சேர்க்கலாமா
என்றாள் டெல்ஃபினா.
அவர் யோசித்தார்.
சேர்த்துக்கொண்டார்.

வெளிநாட்டு ஓட்டலில் ஒப்பந்தம் எழுதியபோது
எங்களில் ஒருத்திக்கு
இரண்டாம் வரிசையில் நாற்காலி கிடைத்தது.
ஒரு வரி வாங்கி வந்தாள்:
'பெண்களின் அர்த்தமுள்ள பங்கேற்பு'.
அந்த அர்த்தமுள்ளவுக்கு
அர்த்தம் கேட்டு எழுதியிருக்கிறோம்.
பதினோரு மாதமாயிற்று.

அதுவரைக்கும் நான்
பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தனியாக எழுதுகிறேன்.
தாமகாவ் எரியவில்லை.
பள்ளி முகாமாகவில்லை,
கரும்பலகையில் அதே பெருக்கல் கணக்கு.
ஓம்ப்ராவின் மகன் சாகவில்லை.

அவனுக்கு இது தெரியாது.
நேற்று வந்து
பைக்குக்குப் பெட்ரோல் போட
நூறு பெசோ கடன் கேட்டான்.
கொடுத்தேன்.
திருப்பித் தரமாட்டான்.