நிறுவைக் கணக்கு

மட்டக்குளியில், களனி ஆறு
கடலைத் தொடுமுன் கொஞ்சம் தயங்குகிற இடத்தில்
பதினொரு ஜம்பு மரங்கள், ஒரு தராசு.
தராசில் 1913 என்று வார்த்திருக்கிறது.
மரங்களில் ஒன்றும் எழுதவில்லை.

ஏழாம் மாடியிலிருந்து ஓட்டோவில் வந்த கறுவா
முதலில் ஒரு காலை மட்டும் மண்ணில் வைத்தான்,
சுடுமோ என்று பார்ப்பவன்போல.

"நாயும் ஏறவேணும்" என்றார் எமரன்சியா.
தோட்டத்துச் சட்டம் அது, பூட்டன் போட்டது:
போகும்போது ஒரு நிறை, வரும்போது ஒரு நிறை,
வயிற்றுக்குள் போனதற்குத்தான் காசு.
கறுவா பதினெட்டுக் கிலோ இருநூறு.
என்னுடையதைச் சத்தமாகவே வாசித்தார்;
மரத்தின் மேலிருந்து தம்பி கிளமென்ட் சிரித்தார்.

துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தன.
விழுந்த பழமெல்லாம் கறுவாவுக்கு.
சிவப்புத் தோல் மீசையில் ஒட்ட
தண்ணீரைக் கடித்துத் தின்றான்.
பிறகு மரத்துக்கு மரம் நின்று
பதினொன்றுக்கும் கால் தூக்கினான்,
ஒன்றையும் மனம் நோகவிடாமல்.

வரும்போது பதினேழு கிலோ தொளாயிரம்.

எமரன்சியா கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடி ஏற்றினார். கோல் அதே இடத்தில்.
கொப்பியைப் புரட்டினார், பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு:
நூறு வருசத்தில் இப்படியொரு வரி இல்லை.
"சட்டம் சட்டம்தானே அக்கா" என்றது மரம்.

முந்நூறு கிராமுக்குரிய காசை
என் கையில் எண்ணி வைத்தார்,
சில்லறையாக, முகம் மாறாமல்.

ஓட்டோவுக்குள் கறுவா நித்திரை.
நகங்களுக்கிடையில் கொஞ்சம் ஆற்று மணல்.
அதையும் கழித்துப் பார்த்தால்
எமரன்சியா எங்களுக்கு
இன்னும் ஐந்து ரூபா தரவேண்டும்.